ஹீட்டர் காற்றாடி மோட்டரை நாமே மாற்றலாம்

நானுஓயா பக்கம் காலைப் பனியில் முன் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஹீட்டர் இல்லாமல் வண்டி ஓட்டுவது பாடுதான். காற்றாடி நின்றுவிட்டதென்று உடனே கராஜுக்கு ஓட வேண்டாம். உச்ச வேகத்தில் மட்டும் சுற்றினால் மோட்டர் நல்லது, பழுது பெரும்பாலும் காற்றாடியின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரில்.

மோட்டர்தான் என்றால், பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, இடப்பக்க டாஷ்போர்ட் பெட்டியை இறக்குங்கள். பல ஜப்பான் கார்களில் அதற்குப் பின்னால்தான் மோட்டர் இருக்கும்; பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ, ஒரு சொக்கெட். கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது மோட்டருக்குக் கீழே கையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் காலில் விழும்.

என்னுடையதில் ஒரு பிடி சவுக்கு இலை, நனைந்து கறுத்துக் கிடந்தது. அதை அள்ளாமல் புதியதைப் போட்டால் அதற்கும் அதே கதிதான். கடைக்குப் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். சொக்கெட்டும் சுற்றும் திசையும் ஒத்திருக்க வேண்டும்.