மட்டக்களப்பில் சிலைகளைத் தேடிப் பார்ப்பது எப்படி

மட்டக்களப்பு நகரின் சிலைகளையும் சிற்பங்களையும் பார்க்க விரும்புகிறவர், வாவி சூழ்ந்த புளியந்தீவிலிருந்து, வெயில் ஏறுவதற்கு முன் நடந்தே தொடங்குவது நல்லது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குச் சிலை தெரியும், அதன் பீடம் தெரியாது.

முகத்தைப் பார்க்கும் முன் பீடத்தைப் படியுங்கள். யார் நிறுவினார்கள், எந்த ஆண்டு, எந்த மொழிகளில் எழுதியிருக்கிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு பின்புறமும் சென்று சிற்பியின் பெயரைத் தேடுங்கள். திறந்துவைத்தவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்க, செய்தவரின் பெயர் இல்லாமலே போவது நம் ஊர்களின் பழைய வழக்கம். காந்தி பூங்காப் பக்கத்தில் காந்தியோடு, 1814இல் இங்கு வந்து மறு ஆண்டே காலமான மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட்டின் சிலையையும் காணலாம். நகரிலுள்ள காந்தி, சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல், தமிழறிஞர் சுவாமி விபுலானந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகிய நால்வரின் சிலைகளும் 2012 ஏப்ரலில் சேதப்படுத்தப்பட்டன என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், ஒரு சிலையை நிறுவுவதும் உடைப்பதும் எத்தகைய பேச்சு என்பது விளங்கும்.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டையைப் பார்த்தபின், 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தால் வாவியைக் கடக்கலாம். கல்லடி உப்போடையில், சிவானந்தா வித்தியாலய வளாகத்தில் விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. அதில் பொறித்திருக்கும் அவருடைய பாடலை வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் சாய்ந்தது. நகரத்தில் நான் அதிக நேரம் நின்று பார்த்தது அதைத்தான், ஏனெனில் சிற்பிகள் செய்ததன்மேல் கடலும் தன் கையை வைத்திருக்கிறது.

கோயில்களை விட்டுவிட்டால் இந்தத் தேடலில் பாதிதான் கிடைக்கும். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் கல் நந்தியையும் மரத்தேர்களின் செதுக்கு வேலையையும் பாருங்கள். அந்நியர் முன்னிலையில் புல் தின்றதாக ஊரார் சொல்லும் நந்தி அது. அந்தக் கதையை அங்குள்ள பெரியவர் ஒருவர் வாயால் கேட்பதே முறை. படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் தெற்கே இறங்குங்கள். விபுலானந்தர் பிறந்த காரைதீவு வழியிலேயே வரும். அம்பாறை மாவட்டத்தின் லாகுகலவில் உள்ள மகுல் மகா விகாரையில், படிக்கட்டின் அடியில் பதித்த அரைவட்டச் செதுக்குக் கல்லான சந்திரவட்டக்கல்லில், யானைகளின் மேல் பாகர்களும் அமர்ந்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் அந்தச் செதுக்கல் தட்டையாகத் தெரியும்; சாய்வெயில் படும் காலையிலோ மாலையிலோ குந்தியிருந்து பார்த்தால்தான் பாகர்களின் உருவம் கல்லைவிட்டு எழும்பி நிற்கும்.