ஆறடி மீன் தொட்டிக்கு வடிகட்டி அமைப்பதில் நேரும் தவறுகள்

கொங்குப் பகுதியில் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கச் செல்பவர், எத்தனை அடி ஹெட் (நீரை ஏற்றும் உயரம்), அந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று கேட்காமல் பணத்தை எடுப்பதில்லை. அவரே ஹாலில் வைக்கப்போகும் பெரிய மீன் தொட்டிக்குப் பம்பு வாங்கும்போது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார். பெரிய தொட்டிகளில் நேரும் தொல்லைகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி, அதாவது ஏறத்தாழ 680 லிட்டர். இந்த நீர் மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்டி வழியே சுற்றி வர வேண்டும் என்று கொண்டால், 3,400 லிட்டர் தேவை. பெட்டியில் உள்ள அளவோ, பம்பு உயரமே ஏற்றாமல் தள்ளும் அளவு. தொட்டிக்குக் கீழே தரையில் சம்ப் எனும் வடிகட்டித் தொட்டியை வைத்தால், அங்கிருந்து தொட்டியின் விளிம்புவரை மூன்றரை, நான்கு அடி ஏற்ற வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு எல்போவும் வேகத்தைக் குறைக்கும். அதிகபட்ச ஹெட் 2 மீட்டர் என்று குறிப்பிட்ட 3,500 லிட்டர் பம்பு, அந்த உயரத்தில் பாதியளவே தள்ளினால் வியப்பில்லை. ஆகவே, பம்புடன் வரும் வரைபடத்தில் நமக்குத் தேவையான உயரத்துக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நம் ஊரில் சம்ப் என்றால் வாசலில் மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியே நினைவுக்கு வரும். மீன் வளர்ப்பில் அது வடிகட்டும் பொருட்களையும் பம்பையும் வைக்கும் கண்ணாடித் தொட்டி. பம்பு ஓடும்போது அதில் நிற்கும் நீரை மட்டும் கணக்கிட்டு அளவைத் தீர்மானிப்பதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் செலவு வைக்கும் தவறு. மின்சாரம் நின்றவுடன், மேலே நீர் ஏற்றிய குழாயே சைஃபன் போல நீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். மேற்சொன்ன தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது 11 லிட்டர். குழாயின் வாய் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியிருந்தால், அந்த வாய் வெளியே தெரியும்வரை 90 லிட்டருக்கு அருகில் கீழே இறங்கிவிடும். சம்பில் 40 லிட்டருக்கு மட்டுமே இடம் இருந்தால் மீதி தரைக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் ஓர் இரவு அப்படித்தான் வந்தது. நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை இட்டால், மட்டம் அதற்குக் கீழே இறங்கியவுடன் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அடைக்காமல் அத்துளையை அவ்வப்போது குத்திவிட வேண்டும். நீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்பியிருப்பது சரியன்று. ஒரு நத்தைக்குஞ்சு சிக்கினால் போதும், அது மூடாது.

வடிகட்டியை வெறும் சல்லடையாக நினைப்பது அடுத்த தவறு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை, செராமிக் வளையங்களிலும் ஸ்பான்ஜிலும் குடியேறும் பாக்டீரியாக்கள். அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். புதுத் தொட்டியில் முதல் வாரமே அரோவானாவையும் ஆஸ்கரையும் விடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குப்பையைப் பிடிக்கும் ஸ்பான்ஜ் முதலிலும் வளையங்கள் அதற்கு அடுத்தும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் வளையங்களின் நுண்துளைகள் அடைபடும். அவற்றைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினால் போதும்.

கோவையில் பல வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என இரண்டு குழாய்கள் உண்டு. எதை ஊற்றப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் வடிகட்டியைத் திட்டமிட முடியாது. சிறுவாணி நீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும்போது நீரின் காரத்தன்மையைச் செலவழிப்பதால், அத்தகைய மென்னீரில் நாளடைவில் பி.எச். (அமில, கார நிலையைக் காட்டும் எண்) சரிந்து அவற்றின் வேலையும் மந்தமாகும். சம்பில் ஒரு பை நிறையப் பவளத்துண்டு போட்டால் இது சீராகும். பி.எச். கூடுதலாக இருக்கும் போர்வெல் உப்புத் தண்ணீரில் நிலைமை வேறு. பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் நச்சாக உள்ள பங்கு ஏறத்தாழ ஒன்பது, பத்து மடங்காகும் என்பதால், அங்கே செராமிக் வளையங்களின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. பம்பினுள் சுழலும் இம்பெல்லரில் வெள்ளையாக உப்புப் படிவதையும் கவனிக்க வேண்டும்.

ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் கோடையில் இன்னொன்றும் சேர்கிறது. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் 7.5 தான். மின்வெட்டில் மூடிய கேனிஸ்டர் வகை வடிகட்டி சில மணி நேரம் நின்றுவிட்டால், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் இறக்கத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகிய நீர் நேரே மீன்களிடம் போகும். 60 வாட் பம்பு நான்கு மணி நேரம் ஓட 240 வாட்-மணி போதும், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இதைத் தாராளமாகத் தாங்கும். வயரிங் செய்யும்போதே அந்த பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு பெரிய வடிகட்டியானாலும் நைட்ரேட் தொட்டியிலேயே தங்கும். வாரம் கால் பங்கு நீரை மாற்றத்தான் வேண்டும். 170 லிட்டர் என்பது 15 லிட்டர் வாளியில் பதினோரு நடைக்கும் மேல். இரண்டு மாதத்தில் யாருக்கும் சலித்துவிடும். ஆகவே சம்பிலிருந்து ஒரு வால்வும் குழாயும் வைத்துக் கொல்லைப்புறத் தென்னைக்கு நீர் போகும்படி முதலிலேயே அமைத்துவிடுவது நல்லது. உப்போ மருந்தோ போட்ட வாரத்தில் மட்டும் அந்த நீரைச் சாக்கடைக்குத் திருப்ப வேண்டும்.