உளுத்த மரத்துக்குள் சொடுக்கு வண்டு தேடுவது எப்படி?

மல்லாத்திப் போட்டால் ‘டிக்’ என்று தெறித்து எழுவதால்தான் இதற்குச் சொடுக்கு வண்டு என்று பெயர். மார்படியில் உள்ள முள் ஒரு குழிக்குள் சட்டென்று வழுக்கி இறங்கும் சத்தம் அது. காட்டு மரங்களில் வாழும் ஆம்பெடஸ் பேரினத்துச் சொடுக்கு வண்டுகளைப் பூக்களில் காத்திருந்து பிடிப்பது பெரும்பாலும் வீண் வேலை. குளிர்நாடுகளில் இவற்றில் பல, இலையுதிர் காலத்திலேயே முழு வண்டாகி, கூட்டுப்புழுவாக இருந்த அறையிலேயே பனிக்காலத்தைக் கழிக்கும். அப்போதுதான் தேட வேண்டும்.

செங்கல் நிறத்தில், கட்டம் கட்டமாக வெடித்து உதிரும் உளுப்புள்ள ஓக் போன்ற பட்ட மரங்களை முதலில் பாருங்கள். விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. கோடாரி வேண்டாம், வண்டையும் சேர்த்து வெட்டிவிடும். தடித்த திருப்புளியால் விரல் கனத்துக்கு ஒவ்வொரு அடுக்காகப் பெயர்த்து, வெள்ளைத் துணியில் உதிருங்கள். வழவழப்பான சுவருடன், வண்டைவிடச் சற்றே பெரிய நீள்வட்டக் குழி தென்பட்டால் கையை நிறுத்துங்கள். அதன் ஒரு மூலையில் சுருங்கிய பழைய தோல் கிடக்கும். வண்டு காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். ஏமாந்து தூளோடு கொட்டிவிடாதீர்கள், 10 நிமிடம் பொறுங்கள்.

ஒரு கட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிக்காதீர்கள். பெயர்த்ததை அதே இடத்தில் அடுக்கிவிடுங்கள். காய்ந்துபோன உளுப்பில் புழு பிழைக்காது, அந்த உளுப்பு உருவாகவோ பல ஆண்டுகள் பிடித்திருக்கும். நில உரிமையாளரின் அனுமதியும் தேவை. பிரிட்டனின் ஊதாச் சொடுக்கு வண்டு போன்றவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. உரிமம் இல்லாமல் தொடவே கூடாது.

மஞ்சள்பழுப்பில் கம்பிபோல் விறைத்த புழுக்கள் கிடைத்தால், டப்பாவுக்கு ஒன்றாக, அதே மரத்தூளில் வையுங்கள். இரண்டைச் சேர்த்தால் மறுநாள் ஒன்றுதான் மிஞ்சும்! ஆம்பெடஸ் புழுவின் வால் ஒற்றைக் கூர்முனையாக முடியும். இரட்டைக் கவையாக இருந்தால் அது வேறு பேரினம்.

சேகரிப்பில் வைக்க வண்டைக் கொல்ல, எத்தில் அசிடேட் என்னும் கரைப்பான் சில சொட்டு ஊறிய காகிதத்துடன் மூடிய குப்பி போதும். பெரியதை வலது முன்சிறகில் ஊசி குத்தி நிறுத்தலாம், சிறியதை அட்டையில் ஒட்டலாம். சிவப்புச் சிறகுள்ள இனங்கள் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்கும். படத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்டாதீர்கள், பல நேரம் ஆண் உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் தெளியும். வண்டோடு வைக்கும் சீட்டில் நாள், இடம், மரத்தின் பெயரோடு உளுப்பின் நிறம், ஆழம் இரண்டையும் அன்றே எழுதுங்கள்.