திருச்சியா, சென்னையா? ஊருக்குப் போகும் நேரக் கணக்கு

மலேசியாவிலிருந்து ஊருக்குப் போக டிக்கெட் பார்க்கும்போது எல்லாரும் விலையைப் பார்க்கிறோம், அப்புறம் எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்று பார்க்கிறோம். இறங்கியபின் ஊர் வாசல் வரை போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன், குறிப்பாக அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களிடம்.

கோலாலம்பூரிலிருந்து சென்னை வான்வழியில் சுமார் 2,630 கிலோமீட்டர், திருச்சி சுமார் 2,690. இரண்டுக்குமே ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். ஆனால் சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலைவழி 330 கிலோமீட்டர், காரில் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி, நாகப்பட்டினம் பக்கம் சொந்தபந்தம் இருந்தால், டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் திருச்சிக்கே எடுங்கள், அந்தப் பணம் கார் வாடகையிலேயே திரும்பி வந்துவிடும். மதுரை போகிறவர்களுக்கும் திருச்சியிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். வேலூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்றால் சென்னை.

பினாங்குக்காரர்களுக்குக் கணக்கு வேறு. 2024 டிசம்பரில் இண்டிகோ விமான நிறுவனம் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடிச் சேவை தொடங்கியது. தூரம் சுமார் 2,370 கிலோமீட்டர், கோலாலம்பூரிலிருந்து போவதைவிடக் குறைவு. 1985-இல் தீப்பிடித்து நின்றுபோகும் வரை 'சிதம்பரம்' கப்பலில் நாள்கணக்காகக் கடலில் கிடந்து நாகப்பட்டினம் போனவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே ஏறி நேராகச் சென்னையில் இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையில் ஒரு இரவு தங்கிவிட்டு எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ரயில் பிடித்தால் நான்கு மணி நேரத்தில் திருச்சி, வயதானவர்களுக்கு இரவுக் கார்ப் பயணத்தைவிட இது எவ்வளவோ மேல்.

அலைச்சல் தாங்குகிறவர்கள் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்து திருச்சி விமானம் ஏறலாம். பினாங்கு-கோலாலம்பூர் 325 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமான நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏர் ஏசியா விமானங்களுக்கு டெர்மினல் 2, பாத்திக் ஏர் விமானங்களுக்கு டெர்மினல் 1. ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலில் சில நிமிடம்தான், ஆனாலும் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். நகரிலுள்ள கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு எக்ஸ்பிரஸ் ரயிலில் அரை மணி நேரம் போதும்.

இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதை மறந்து வண்டிக்காரரிடம் நேரம் சொல்லிவிடாதீர்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்: காலை 8 மணிக்குக் கிளம்பினால் அங்கே 9:30-க்கு இறங்குவீர்கள். திரும்பும்போது அதே நான்கு மணி நேரப் பயணம் கடிகாரத்தில் ஆறரை மணி நேரமாகத் தெரியும், அதனால் இரவு கிளம்பினால் விடியற்காலையில்தான் கோலாலம்பூர், அன்றைக்கே வேலைக்குப் போகலாம் என்று திட்டம் போட வேண்டாம்.

இன்னொன்று, இந்திய விமான நிலையங்களில் வாசலிலேயே பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து, ஈ-விசா தாளோடு சேர்த்து, பெரியவர்கள் கைப்பையில் தனியாக ஒரு படி வைத்துவிடுங்கள்.