காகிதப்பூவில் ஒரு கிளை மட்டும் வாடினால் என்ன செய்வது?

நேற்றுவரை பூத்துக் குலுங்கிய காகிதப்பூவில் ஒரே ஒரு கிளை தொங்கிப்போய், பக்கத்துக் கிளையெல்லாம் பச்சையாக இருக்கிறதா? தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. வேர் கெட்டிருந்தால் செடி முழுக்க வாடும். வாடிய கிளையை நுனியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே கீழே வாருங்கள், வாட்டம் முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில் கத்தியால் சுற்றிக் கீறியது போல ஒரு பள்ளம் விரலில் தட்டும். திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீட்டு வாசல் செடியில் அந்த வளையத்துக்குள் உள்கட்டை வெள்ளையாகத் தெரிந்தது.

இது ஸ்தீனியாஸ் கிரிசேட்டர் என்ற நீள்கொம்பு வண்டின் வேலை. 1787லேயே ஃபாப்ரிசியஸ் பெயர் வைத்த வண்டு. திராட்சை, மல்பெரி போடுகிறவர்களுக்குத் தெரியும். டெல்டாவில் நமக்குப் பூச்சி என்றாலே நெல்லில் விழும் குருத்துப்பூச்சியும் புகையானும்தான். பெண் வண்டு இரவில் கிளையைச் சுற்றிக் கடித்துவிட்டு, வளையத்துக்கு மேலே பட்டைக்கு அடியில் முட்டை வைக்கும். காய்ந்துவரும் கட்டைதான் புழுவுக்குத் தோது, அதனால் கிளையை முதலில் சாகடித்து வைக்கிறது.

சரி, இப்போது வெட்டுங்கள். வளையத்துக்குக் கீழே நாலு விரல் தள்ளி, ஒரு கணுவுக்குச் சற்று மேலாக வெட்டினால் போதும், கீழே துளிர்த்துவிடும். வெட்டிய கிளையை அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் வைத்துவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்து, புழு அந்தக் காய்ந்த கட்டையைத் தின்றே வளர்ந்து வண்டாகிவிடும். எங்கள் அம்மா போகிக்கு ஆகட்டும் என்று கொல்லையில் விறகோடு சாத்தி வைத்திருந்தார். பிறகு ஒரு துண்டைப் பிளந்தபோது மாவு போன்ற தூளுக்கு நடுவே காலில்லாத, வெளிர் மஞ்சள் புழு இரண்டு நெளிந்தன. கட்டைக்குள் இருப்பதை மேலே அடிக்கிற மருந்து எட்டாது.

அப்புறம், சில நாள் ராத்திரி டார்ச்சோடு செடியைச் சுற்றிப் பாருங்கள். வண்டு ஏறக்குறைய ஓர் அங்குல நீளம், சாம்பல் நிறம், பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும், நீண்ட கொம்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கடிக்கும், துணியால் பிடித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பக்கத்தில் ரோஜா இருந்தால் அதன் தண்டையும் தடவிப் பார்த்துவிடுங்கள், அதையும் விடாது.