நெட் இல்லாத கிளாஸ்லயும் ஓடற இலவச பாடப்பொருட்கள், எப்படி எடுத்து வச்சுக்கறது

டீச்சர்ஸ் வாட்ஸப் குரூப்ல தினமும் லிங்க் வந்துகிட்டே இருக்கு, பாதிய திறந்து பார்க்கக்கூட நேரம் இல்ல. என்னைக் கேட்டா நாலு இடம் நல்லா தெரிஞ்சா போதும், ஆனா வேணுங்கறத முந்தின நாளே வீட்ல டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல போட்டுக்கணும், கிளாஸ்ல நின்னுகிட்டு பஃபர் ஆகறத பார்த்துட்டு இருந்தா பீரியடே போயிடும்.

முதல்ல கையில இருக்கற பாடப்புத்தகம். 2018ல வர ஆரம்பிச்ச நம்ம தமிழ்நாடு புது புத்தகங்கள்ல க்யூஆர் கோடு இருக்குல்ல, அத தீக்‌ஷா (DIKSHA)ங்கற அரசாங்க கல்வி ஆப்ல ஸ்கேன் பண்ணா அந்த பாடத்துக்கான வீடியோ வரும். கேமரா சரியில்லனா கோடுக்கு கீழ இருக்கற ஆறு எழுத்த டைப் பண்ணாலும் வரும். ஆப்லயே டவுன்லோட் பண்ணி வச்சுகிட்டா அப்புறம் நெட் வேணாம். முழுசா போட்டுக் காட்டணும்னு இல்ல, பாடத்துக்கு வேணுங்கற ரெண்டு நிமிஷம் எங்க இருக்குன்னு பார்த்து வச்சுக்கோங்க.

சயின்ஸ், மேத்ஸ் எடுக்கறவங்க கண்டிப்பா பார்க்க வேண்டியது ஃபெட் (PhET), சோதனைய திரையிலயே செஞ்சு பார்க்கற சிமுலேஷன்கள் இருக்கற சைட். இயற்பியல்ல நோபல் வாங்குன கார்ல் வீமன் 2002ல கொலராடோ பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது, எல்லாமே இலவசம். ஒவ்வொரு சிமுலேஷன் பக்கத்துலயும் டவுன்லோட் இருக்கு, ஒரே ஒரு ஃபைல்தான், பிரவுசர்ல திறந்தா நெட் இல்லாமலே ஓடும். டிரான்ஸ்லேஷன்ஸ் பகுதிக்கு போனா நிறைய சிமுலேஷன் தமிழ்லயும் கிடைக்கும், ஆனா அதுல வர்ற கலைச்சொல் நம்ம புத்தகத்துல இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு முன்னாடியே பார்த்துடுங்க, இல்லனா புள்ளைங்க குழம்பிடுவாங்க.

பத்தாவதுக்கு மின்சாரம் எடுக்கறீங்கன்னு வைங்க. டிசி சர்க்யூட் கட்டற சிமுலேஷன்ல ரெண்டு பல்ப தொடர்ல வைங்க, உடனே சுவிட்ச போட்றாதீங்க!! "ஒரு பல்ப கழட்டுனா இன்னொன்னு என்ன ஆகும்"னு கேட்டு எல்லாரையும் நோட்ல எழுத வைங்க, அப்புறம் கழட்டிக் காட்டுங்க, அடுத்து அதையே பக்க இணைப்புல செய்ங்க. எழுதி வச்சவன் தன் பதில் சரியான்னு பார்க்க ஆர்வமா எட்டிப் பார்ப்பான், சும்மா வேடிக்கை பார்க்கறவன் அப்படி பார்க்க மாட்டான். பேட்டரி ரெண்டு முனையையும் வெறும் ஒயரால சேர்த்தா தீப்பிடிக்கற மாதிரியே காட்டும், இத லேப்ல நிஜமா செஞ்சு காட்ட முடியாது இல்லயா. ஆனா பேட்டரியும் டார்ச் பல்பும் கையில இருந்தா முதல்ல அதத்தான் செய்யணும், சிமுலேஷன் அதுக்கு அப்புறம்தான்.

ப்ரொஜெக்டரே இல்லாத ஸ்கூலுக்கு அரவிந்த் குப்தா சைட். குப்பையில போற பொருள வச்சு சயின்ஸ் பொம்மை செய்யறது எப்படின்னு சின்ன சின்ன வீடியோ, தமிழ்லயும் இருக்கு. வீட்ல பார்த்துட்டு கிளாஸ்ல செஞ்சா போதும். சைக்கிள் வால்வு டியூப்ல தீக்குச்சிய செருகி முக்கோணம், சதுரம் செய்ய வைங்க, முக்கோணம் அசையாது, சதுரம் ஒரு பக்கமா சாயும், ஏன்னு புள்ளைங்களே கேப்பாங்க.

தொடக்கப்பள்ளிக்கு ஸ்டோரிவீவர் (StoryWeaver)ங்கற கதை சைட். பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்சது, தமிழ்க் கதைகள் ஏகப்பட்டது இருக்கு. படிக்கற நிலை வாரியா பிரிச்சிருப்பாங்க, வகுப்ப பார்த்து எடுக்காதீங்க, புள்ளையோட வாசிப்ப பார்த்து எடுங்க, நாலாவது படிக்கறவனுக்கு முதல் நிலை கதை தேவைப்பட்டா அதையே குடுங்க. பேர் சொல்லிட்டு யாரும் பயன்படுத்தலாம்ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கறதால பிரிண்ட் எடுத்து குடுக்கலாம், எழுதுனவங்க, படம் வரைஞ்சவங்க பேர் இருக்கற பக்கத்தையும் சேர்த்தே எடுங்க. கலர் பிரிண்டுக்கு காசு ஆகும், கருப்பு வெள்ளையில எடுத்து குடுத்தா புள்ளைங்களே கலர் அடிச்சுக்குவாங்க.