எந்த டிஎன்எஸ் உங்கள் வீட்டுக்கு வேகம்? குமரி மாவட்டத்தில் இருந்தபடியே அளந்து பார்க்கலாம்

தளத்தின் பெயரைத் தட்டியதும் திரை ஒன்றிரண்டு வினாடி வெள்ளையாகவே நிற்கும். அப்புறம் பக்கம் மளமளவென்று வந்துவிடும். ஸ்பீடு டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் காட்டும். கேபிள்காரரைக் கூப்பிட்டால் "லைன் நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் சொல்வதும் சரிதான். இப்படி ஆரம்பத்தில் மட்டும் இழுத்தால், பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் மேல் சந்தேகப்படலாம்.

ரவுட்டரில் பொதுவாக இணைய நிறுவனம் கொடுத்த டிஎன்எஸ்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, குவாட்9-இன் 9.9.9.9 என ஒன்றுக்கு மாறலாமா? சென்னையில் உட்கார்ந்து யாரோ போட்ட வீடியோவை நம்பி தக்கலையில் மாற்றாதீர்கள். உங்கள் லைனில் நீங்களே அளந்துவிடலாம்.

படி 1: கருவி

ஆண்ட்ராய்டு போன் போதும். எஃப்-டிராய்டு என்ற ஆப் கடையில் இருந்து, கட்டளை தட்டும் ஆப்பான டெர்மக்ஸை இறக்கி, 'பிகேஜி இன்ஸ்டால் டிஎன்எஸ்யூட்டில்ஸ்' (pkg install dnsutils) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டினால் 'டிக்' (dig) என்ற கருவி வந்துவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் இருங்கள்.

படி 2: நேரத்தை அளப்பது

டிக் என்று தட்டி, இடைவெளி விட்டு, நீங்கள் அடிக்கடி திறக்கும் தளத்தின் பெயர், மறுபடி இடைவெளி, கடைசியில் @8.8.8.8. பதிலின் அடியில் 'குவெரி டைம்' என்று ஒரு வரி வரும். அதில் இருக்கும் எண் மில்லி வினாடி. அதே கட்டளையில் @-க்குப் பின்னால் மட்டும் மாற்றி மற்ற சர்வர்களையும், உங்கள் ரவுட்டரின் எண்ணையும் (பல வீடுகளில் 192.168.1.1) கேளுங்கள்.

ஒவ்வொன்றையும் அடுத்தடுத்து சில தடவை கேட்க வேண்டும். முதல் தடவை அந்த சர்வரே வெளியே போய் விசாரித்து வந்திருக்கலாம். அடுத்த தடவை நினைவில் இருந்து தரும். இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, ராத்திரி எல்லா வீட்டிலும் படம் ஓடும் நேரத்தில் ஒருமுறை பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எவ்வளவு வந்தால் நல்லது? கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நாகர்கோவிலில் இருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். போய்வர 7 மில்லி வினாடி ஆகியே தீரும். சர்வர் சென்னையில் இருந்தால் எந்தத் திட்டம் வாங்கினாலும் அதற்குக் கீழே இறங்காது. சென்னையைத் தாண்டி சிங்கப்பூர் வரை போனால் இன்னும் 29 கூடும். திருவனந்தபுரம் பக்கத்தில்தானே என்று கேட்கலாம். கேபிள் போகும் பாதையை நிறுவனம்தான் தீர்மானிக்கிறது, வரைபடம் இல்லை.

1.1.1.1 எந்த ஊரில் இருந்து பேசுகிறது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். பிரௌசரில் 1.1.1.1, சாய்கோடு, 'சிடிஎன்-சிஜிஐ', சாய்கோடு, 'ட்ரேஸ்' (1.1.1.1/cdn-cgi/trace) என்று போட்டால் 'கோலோ' என்ற வரியில் விமான நிலையக் குறியீடு தெரியும். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் மும்பை, எஸ்ஐஎன் சிங்கப்பூர்.

படி 3: பதில் சரியான பதிலா?

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பெரிய தளங்களுக்குப் பல ஊர்களில் சர்வர் உண்டு. கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று ஊகித்து ஓர் ஐபியைத் தருவார்கள். டிஎன்எஸ் சர்வர் தூரத்தில் இருந்தால் அந்த ஊருக்குப் பொருத்தமான ஐபிதான் கிடைக்கும். குளச்சல்காரருக்கு மதுரையில் மீன் கடை காட்டுவதுபோல. இதைச் சமாளிக்க கூகுள், உங்கள் ஐபியின் ஒரு பகுதியைத் தளத்தின் சர்வருக்கும் சொல்லிவிடும். கிளவுட்ஃப்ளேரும் 9.9.9.9-உம் அந்தரங்கம் கருதி அப்படிச் சொல்வதில்லை. சொல்லும் வகை வேண்டுமென்றால் குவாட்9-இல் 9.9.9.11 இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு சர்வரும் 'ஆன்சர்' பகுதியில் தந்த ஐபியை எடுத்து, போய்வரும் நேரத்தைக் காட்டும் 'பிங்' (ping) கட்டளை போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒருவர் 12 மில்லி வினாடியில் பதில் சொல்லி, பிங்கில் 70 காட்டும் ஐபியைத் தருகிறார். இன்னொருவர் 30 எடுத்து, பிங்கில் 15 காட்டும் ஐபியைத் தருகிறார் என்று வையுங்கள். நான் இரண்டாமவரைத்தான் எடுப்பேன். பெயரைக் கேட்பது ஒருமுறை, படமும் வீடியோவும் வருவது அந்த ஐபியில் இருந்து.

படி 4: மாற்றுவது

ரவுட்டரின் டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு ஐபி எண் கொடுப்பது) பக்கத்தில் இரண்டு டிஎன்எஸ் கட்டங்கள் இருக்கும். இரண்டு கொடுத்தால் வேகமானதை அதுவே பார்த்து எடுத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் முதலாவதைக் கேட்டு, சுமார் ஒரு வினாடி பதில் வராவிட்டால்தான் அடுத்ததற்குப் போகும். லினக்ஸில் வழக்கமாக 5 வினாடி. ஆகவே நல்லதை முதல் கட்டத்தில் போடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடும் ரவுட்டர் வைத்திருந்தால் 'ஆல் சர்வர்ஸ்' என்ற பெட்டியில் குறி போடலாம். எல்லாரையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். முதலில் வருவதுதான் நல்ல பதில் என்று இல்லை, படி 3 ஞாபகம் இருக்கட்டும்.

போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்'ஸில் ஏதாவது பெயர் போட்டிருந்தால் ரவுட்டரில் செய்த மாற்றம் அந்தப் போனுக்கு எடுபடாது.

படி 5: வீட்டில் அன்பவுண்ட் ஓட்டுபவர்களுக்கு மட்டும்

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை வைத்து நேரடியாகத் தளங்களின் சர்வர்களிடமே கேட்பவர்கள் உண்டு. அன்பவுண்ட், ஒவ்வொரு சர்வரும் பதில் தர எடுக்கும் நேரத்தை 15 நிமிடம் நினைவில் வைக்கும். ஆனால் மிக வேகமானதை மட்டும் பிடித்துக்கொள்ளாது. அதைவிட 400 மில்லி வினாடிக்குள் பின்தங்கிய எல்லாவற்றிலும் ஏதோ ஒன்றை எடுக்கும். நம் ஊரில் இருந்து பார்த்தால் சென்னையும் ஐரோப்பாவும் ஒரே கூட்டத்தில் விழுந்துவிடும். 'ஃபாஸ்ட்-சர்வர்-பெர்மில்' (fast-server-permil) அமைப்பை 900 என்று வையுங்கள். ஆயிரத்தில் 900 தடவை வேகமான மூன்றில் ஒன்றைக் கேட்கும், மீதியில் மற்றவற்றையும் சோதித்துப் பார்க்கும். 1000 போட வேண்டாம். நேற்று மெதுவாக இருந்த சர்வர் இன்று வேகமாகியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க அந்த மீதி வேண்டும்.

மாற்றியதும் அன்பவுண்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நினைவு காலியாக இருப்பதால் கொஞ்ச நேரம் எல்லாமே மெதுவாகத் தெரியும், உடனே அளக்க உட்கார வேண்டாம்.